மாந்தீவுக்குப் போனவர்களும் வீட்டில் நின்றவர்களும்

மட்டக்களப்பு வாவியில், வவுணதீவுப் பக்கமாக, மாந்தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அது தொழுநோயாளருக்கான அரச வைத்தியசாலை ஆனது. தோணியில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். இலங்கையில் இதற்கென இருந்த மற்றொரு பெரிய இடம் கொழும்புக்கு வடக்கே, களனி ஆற்று முகத்துவாரத்தின் அருகே ஒல்லாந்தர் 1708இல் கட்டிய ஹெந்தளை வைத்தியசாலை. நோயாளரைப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை ஆங்கிலேய அரசு 1901ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துக்கொண்டது. இந்த வரலாற்றில் தீவுக்குப் போனவருக்கு ஒரு பதிவாவது உண்டு. அவருக்கு அதுவரை சோறு போட்டு, புண் கழுவி, துணி துவைத்த தாய்க்கோ மனைவிக்கோ மகளுக்கோ எந்தப் பதிவும் இல்லை. நீண்டகாலத் தோல்நோயாளரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பக்குவம் வாவிக்கரைக் குடும்பங்களிடம் இருந்தது என்றும், அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி, காலப்போக்கில் மறக்கவும் வைத்தது தீவு முறைதான் என்றும் நான் கருதுகிறேன்.

அந்தப் பக்குவத்துக்கு உதாரணமாக, அம்மாள் வருத்தம் எனப்படும் அம்மை நோயை எடுத்துக்கொள்வோம். பெரியம்மை உயிரைக் குடித்தது. தப்பியவர் முகத்தில் ஆயுளுக்கும் தழும்பை விட்டுப்போனது. தொற்றும் வேகத்திலோ தொழுநோய் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் அம்மை கண்டவருக்கு இந்த மண்ணின் வழக்கம் வகுத்த முறை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வரக்கூடாது என்பதற்கு அதுவே அறிவிப்பு. வீட்டில் மச்சம் நின்றுவிடும். நோயாளி வேப்பிலை பரப்பிய பாயில் கிடப்பார். நகத்தால் சொறிந்துவிடாமல் வேப்பங்கொத்தால் மெல்ல வருடிக்கொடுப்பார்கள். கொப்புளம் வாடியதும் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட தண்ணீர் வார்ப்பார்கள். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் நடக்கும் குளிர்த்தி, அம்மனின் வெம்மை தணிந்து ஊர் நோயின்றி இருக்க வேண்டும் என்ற அதே எண்ணத்தின் ஊர்ப்பொது வடிவம். இதன் மருத்துவப் பலனைப் பெருக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. ஆனால் நோயாளியை மற்றவரிடமிருந்து விலக்கி வைப்பதும், அவரை மரியாதையோடு தொட்டுப் பராமரிப்பதும் ஒரே கூரையின்கீழ் நடக்க முடியும் என்பதை இந்த மக்கள் அறிந்திருந்தார்கள். தனிமைப்படுத்தல் என்றால் நாடுகடத்தல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. தொழுநோய்க்கு அம்மையின் மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லையே. ஆங்கிலேயச் சட்டம் வருமுன்பே அது முன்வினையின் தண்டனை என்று நம் சமூகம் பேசிவந்ததே. கிருஷ்ணனின் மகன் சாம்பனுக்குச் சாபத்தால் தொழுநோய் வந்த கதையே அதற்குச் சாட்சி அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். வெறுப்பைக் காலனி அரசு இறக்குமதி செய்யவில்லை. அம்மை சில வாரத்தில் முடியும், தொழுநோய் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற வேறுபாடும் சிறியதல்ல. ஆனால் ஊர் வெறுப்பதும் வீடு கைவிடுவதும் ஒன்றல்ல. மட்டக்களப்பில் குடிவழி தாய்வழியாக வருகிறது; வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகிறது; திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். தாயும் மகளும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் இந்த அமைப்பில், நோயுற்ற ஒருத்தியைச் சுற்றி அவளுடைய சொந்த உறவே இருந்தது. அவள் படுத்திருந்த வீடும் அவளுடையதாகவே இருந்திருக்கும். பரியாரியார் எண்ணெயும் பத்தியமும் சொல்வார், அதைக் காய்ச்சுவதும் பூசுவதும் வீட்டார் வேலை. நாட்டு வைத்தியம் தொழுநோய்க்குப் பயன்படுத்திய நீரடிமுத்து எண்ணெயின் இனத்தைச் சேர்ந்த எண்ணெயைத்தான் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகெங்கும் தொழுநோய் வைத்தியசாலைகள் ஊசியாகவும் ஏற்றின. முழுக் குணம் இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. பராமரிப்பாளர் யார் என்பதில்தான் வேறுபாடு.

அன்றைய விஞ்ஞானம் வேறு வழி காட்டவில்லை என்பது அடுத்த மறுப்பு. இதற்கு நோர்வேயைப் பார்க்க வேண்டும். தொழுநோய்க் கிருமியை 1873இல் பேர்கன் நகரில் கண்டவர் அர்மோவர் ஹான்சன். 1897இல் பெர்லினில் கூடிய முதல் உலகத் தொழுநோய் மாநாடு, நோயாளரைப் பிரித்து வைப்பதற்கு நோர்வேயையே முன்மாதிரியாகக் காட்டியது. அந்த நோர்வேயின் 1885ஆம் ஆண்டுச் சட்டமோ, வீட்டில் தனியாக வைத்துப் பராமரிக்க முடிந்தவரை வீட்டிலேயே இருக்க விட்டது, முடியாதபோதுதான் வைத்தியசாலை. முன்மாதிரி நாடே குடும்பத்துக்கு இடம் வைத்திருந்தது. அந்தப் பாடம் கீழைநாடுகளுக்கு வந்து சேர்ந்தபோது தீவுகளும் மதில்களும்தான் பெரிதாகத் தெரிந்தன. கிடுகு வேய்ந்த சிறு வீட்டில் தனி அறை காட்ட முடியாத ஏழைக்கு, வளவுக்குள்ளேயே இன்னொரு குடிலை எழுப்பித் தந்திருக்கலாம். அதற்கான செலவு ஒரு தீவைப் பராமரிக்கும் செலவுக்கு ஈடாகாது. மாந்தீவு கொடுத்ததை நான் மறுக்கவில்லை. பிச்சையெடுத்து அலைய வேண்டியிருந்தவருக்கு அங்கே சாப்பாடும் கூரையும் புண்ணுக்குக் கட்டும் கிடைத்தன. சக நோயாளரின் தோழமை கிடைத்தது. அங்கு பணி செய்தவர்கள் பலரும் அஞ்சிய வேலையைச் செய்தார்கள். அந்தக் கருணையைப் பெற வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனைதான் தவறு.

அந்த நிபந்தனையால் இழந்தது என்ன என்பது, நோய் உடலில் என்ன செய்கிறது என்று பார்த்தால் புரியும். தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் பற்றுகிறது. விரல்கள் தாமாக உதிர்வதில்லை. உணர்ச்சி மரத்துப்போன கை அடுப்புச் சூட்டை அறியாது, கால் முள்ளை அறியாது; புண் ஆறாமல் புரையோடி எலும்பைத் தின்கிறது. ஆகவே காக்கும் வேலை நாள்தோறும் செய்ய வேண்டிய சிறு சிறு வேலை. பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். நோயாளியின் கண்ணுக்கு எட்டாத உள்ளங்காலை இன்னொருவர் பார்த்து, சிவந்த இடமோ கொப்புளமோ உண்டா என்று சொல்ல வேண்டும். சூடான சட்டியைத் துணியின்றித் தூக்க விடக்கூடாது. இமை மூடாத கண்ணைத் தூசியிலிருந்து காக்க வேண்டும். இதில் எதற்கும் தீவு தேவையில்லை. கூட இருக்கும் ஒருவர் தேவை. தொழுநோய்க்குப் பலன் தரும் மாத்திரை வந்தபின் இதைத் தமிழ்நாடு நடைமுறையில் காட்டியது: 1955இல் செங்கல்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் தொடங்கிய நிலையம், நோயாளரை உள்ளே அடைக்காமல், ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மாத்திரை கொடுத்தது. நோயாளர் மாத்திரையோடு வீடு திரும்பினார்கள். பிரித்து வைப்பதைக் கைவிட வேண்டும் என்று 1958இல் டோக்கியோவில் கூடிய உலக மாநாடும் சொன்னது.

இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை 1983இல் வந்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம், மருந்து இலவசம், தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றாதவர் ஆகிவிடுகிறார். 1995இல், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற ஒழிப்பு இலக்கை நாடு எட்டியது. அதோடு விடயம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். ஆனால் பல ஆண்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் நாட்டில் கண்டறியப்பட்டு வந்திருக்கிறார்கள்; மட்டக்களப்பும் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. மாந்தீவிலோ, குணமான பின்பும் சிலர் தங்கிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் பிரிந்திருந்தவருக்குத் திரும்பிப் போக வீடு இருப்பதில்லை. வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே சோதனைச்சாவடிகள் முளைத்த போர்க்காலம் மிச்சமிருந்த உறவுகளையும் சிதறடித்தது. ஒரு தலைமுறைக்கு மேல் இந்நோயாளரைக் கண்ணால் காணாமல் வாழ்ந்த கரை மக்களுக்கு, அவர்களைத் தொடவும் தெரியாமல் போயிற்று. இன்று சொரியாசிசோ வெண்புள்ளியோ உள்ளவரிடமிருந்துகூட, தொற்றவே தொற்றாத நோய் என்று தெரிந்தும், தட்டையும் தலையணையையும் தனியாக ஒதுக்குகிறோமே, அந்தப் பயத்தின் ஒரு வேர் அந்தத் தீவில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வீட்டுப் பராமரிப்பு என்று சொல்லிப் பெண்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறோம் என்பார்கள். இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தாய்வழிக் குடி பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்தது, அந்த வீட்டின் நோயையும் அவளிடமே கொடுத்தது. அதற்கு விடை நோயாளரைத் திரும்பத் தோணி ஏற்றுவதல்ல. புண் பார்க்கும் முறையை மகனுக்கும் கணவனுக்கும் கற்றுக்கொடுப்பது, மென்ரப்பர்ச் செருப்பும் கட்டுத்துணியும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது, பராமரிப்பவருக்கு உதவிப்பணம் தருவது, இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. கிளினிக்கில் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, கூட வந்தவரிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கூட்டு மருந்தில் ஒன்றான குளோபசிமினால் தோல் கறுப்பது தற்காலிகம் என்றும், சிகிச்சை நடுவே நரம்பு வலியோ வீக்கமோ திடீரென வந்தால் மருந்தை நிறுத்தாமல் உடனே வர வேண்டும் என்றும் முதல் நாளே அவருக்குச் சொல்லிவிட்டால் பல கைகால்கள் தப்பும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி தெரியாத படை இருந்தால் அரச வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்; வீட்டார் எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வழக்கம்போல ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.