வரலாற்றுப் பகுதி அறிவிப்பும் கட்டடப் புதுப்பிப்புக்கான வரி வரவும்: சவன்னா நகரின் பட்டறிவு

பழைய கட்டடங்கள் நிறைந்த ஒரு தெருவையோ பேட்டையையோ முழுவதுமாகப் பாதுகாக்கத்தக்கது என்று அரசு அறிவிப்பது வரலாற்றுப் பகுதி அறிவிப்பு எனப்படும். அத்தகைய பகுதியில் உள்ள கட்டடத்தை விதிமுறைப்படி புதுப்பிப்பவர் செலுத்த வேண்டிய வரியில் ஒரு பகுதியை அரசு விட்டுக்கொடுப்பது வரி வரவு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தில் தோன்றி, 1976-க்குப் பின் ஒன்றோடொன்று இணைந்தன. இந்த இணைப்பால் பல நகரங்களின் பழைய பேட்டைகள் இடிபடாமல் தப்பின. அதே நேரத்தில், அங்கு வாழ்ந்த ஏழை மக்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா நகர வரலாறு இரண்டையும் தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்க முயற்சிகள்

தனித்தனி மாளிகைகளை நினைவுச் சின்னங்களாகக் காக்கும் வழக்கம் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஒரு பகுதி முழுவதையும் சட்டத்தால் காத்த முதல் நகரம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். 1931-இல் அந்நகரம் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றை வரையறுத்து, அங்குள்ள கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்றுவதை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் பிரெஞ்சுக் குடியிருப்புக்கு 1930-களின் பிற்பகுதியில் இதுபோன்ற பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் காலத்தின் போக்கு இதற்கு எதிராகவே இருந்தது. 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், சீர்கெட்டவை எனக் கருதப்பட்ட பகுதிகளை இடித்து அகற்ற நகரங்களுக்கு நடுவண் அரசின் நிதியை அளித்தது. 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தால் பெரும் சாலைகள் நகரங்களின் நடுவே ஊடுருவின. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர, நடு நகரின் பழைய வீடுகள் பராமரிப்பின்றிச் சிதைந்தன.

சவன்னா: ஒரு சந்தையும் ஒரு வீடும்

சவன்னா 1733-இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் என்பவரால் நிறுவப்பட்டது. சிறு சதுக்கங்களைச் சுற்றி வீடுகளும் பொதுக் கட்டடங்களும் அமையுமாறு திட்டமிடப்பட்ட நகரம் இது. 1954-இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய நகரச் சந்தை இடிக்கப்பட்டு, அங்கே வாகன நிறுத்தகம் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, 1820-இல் கட்டப்பட்ட டேவன்போர்ட் வீட்டுக்கும் அதே நிலை வரவிருந்தது. ஏழு பெண்கள் ஒன்றுகூடி 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கினர். வரலாற்றுச் சவன்னா அறக்கட்டளை இவ்வாறு உருவானது.

அக்காலத்தில் சவன்னாவின் பழைய வீடுகள் செங்கல்லுக்காகவும் இடிக்கப்பட்டன. சாம்பல் செங்கல் எனப்பட்ட அவை, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கையால் வார்த்தவை. புறநகரில் எழும் புது வீடுகளுக்கு அவற்றை வாங்கப் பலர் போட்டியிட்டனர். வீடாக நிற்பதைவிடச் செங்கல்லாக விற்பது லாபமாக இருந்தது.

இதை மாற்ற அறக்கட்டளை சுழல்நிதி முறையைக் கையாண்டது. இடிபடவிருக்கும் வீட்டை அது விலைக்கு வாங்கும். இடிக்கக்கூடாது, புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் பத்திரத்தில் எழுதி வேறொருவருக்கு விற்கும். திரும்பி வந்த பணத்தைக் கொண்டு அடுத்த வீட்டை வாங்கும். இம்முறையால் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் காக்கப்பட்டன.

1966-ஆம் ஆண்டின் சட்டம்

நியூயார்க்கின் பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் 1963-இல் இடிக்கத் தொடங்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1966 அக்டோபர் 15 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தனிக் கட்டடங்களுடன் முழுப் பகுதிகளையும் சேர்க்கக்கூடிய தேசியப் பதிவேடு இச்சட்டத்தால் விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டில் சவன்னாவின் பழைய நகரம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இரு வகை அறிவிப்புகளை இங்கே வேறுபடுத்திக் காண வேண்டும்.

தேசியப் பதிவேட்டில் இடம்பெறுவது ஒரு மதிப்பு. நடுவண் அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் பணி ஒன்று அந்த இடத்தைப் பாதிக்குமானால், அப்பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும். ஆனால் தனியார் ஒருவர் தம் பணத்தில் தம் வீட்டை மாற்றுவதையோ இடிப்பதையோ இப்பதிவு தடுக்காது.

உள்ளூர் அறிவிப்பு நகர மன்றச் சட்டத்தால் செய்யப்படுவது. கதவு, சன்னல், கூரை, முகப்பு ஆகியவற்றை மாற்றவும் கட்டடத்தை இடிக்கவும் குழுவின் ஒப்புதல் தேவை என உள்ளூர்ச் சட்டம் விதிக்க முடியும். இவ்வாறு கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் தொடர்பான வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வரிச் சட்டத்தில் திருப்பம்

சட்டம் மதிப்பளித்தாலும் கணக்கு வேறாக இருந்தது. பழைய கட்டடத்தை இடித்த செலவை உரிமையாளர் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். புதுக் கட்டடத்துக்குத் தேய்மானக் கழிவும் தாராளமாகக் கிடைத்தது. இதனால் வரிச் சட்டமே இடிப்பதற்கு ஊக்கமளித்து வந்தது.

1976-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் இதைத் திருப்பியது. சான்றளிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தை இடிக்கும் செலவைக் கழிக்க முடியாது என்றும், அதைப் புதுப்பிக்கும் செலவை 60 மாதங்களில் கழித்துக்கொள்ளலாம் என்றும் அது விதித்தது. 1978-இல் பழைய கட்டடங்களின் புதுப்பிப்புக்கு 10 விழுக்காடு வரி வரவு வந்தது. 1981-இல் இது மூன்று படிகளாக உயர்த்தப்பட்டது: 30 ஆண்டு கடந்தவற்றுக்கு 15, 40 ஆண்டு கடந்தவற்றுக்கு 20, சான்றளிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடங்களுக்கு 25 விழுக்காடு.

1986-ஆம் ஆண்டின் சட்டம் இவற்றைக் குறைத்தது. வரலாற்றுக் கட்டடங்களுக்கு 20 விழுக்காடும், 1936-க்கு முன் கட்டப்பட்ட பிறவற்றுக்கு 10 விழுக்காடும் எஞ்சின. 2017-ஆம் ஆண்டின் சட்டம் 10 விழுக்காட்டு வரவை நீக்கியது. 20 விழுக்காட்டு வரவை ஐந்து ஆண்டுகளில் சம பங்குகளாகப் பெறுமாறு மாற்றியது.

வரவைக் கணக்கிடும் முறை

வரிக் கழிவு வேறு, வரி வரவு வேறு. கழிவு என்பது வரி விதிக்கப்படும் வருமானத்தைக் குறைப்பது. வரவு என்பது செலுத்த வேண்டிய வரியையே குறைப்பது. எனவே ஒரு டாலர் கழிவைவிட ஒரு டாலர் வரவு மதிப்பு மிக்கது.

ஒருவர் வரலாற்றுப் பகுதியில் ஒரு கட்டடத்தை 1,00,000 டாலருக்கு வாங்குவதாகக் கொள்வோம். அதில் நிலத்தின் மதிப்பு 20,000 டாலர். கட்டடத்தின் மதிப்பு 80,000 டாலர். புதுப்பிப்புச் செலவு இந்த 80,000 டாலரைவிட மிகுதியாக இருக்க வேண்டும். பொதுவாக 24 மாத காலத்துக்குள் அது செலவிடப்பட வேண்டும். அவர் 1,50,000 டாலர் செலவிட்டால் வரவு 30,000 டாலர். ஆண்டுக்கு 6,000 டாலராக ஐந்து ஆண்டுகளில் அது கிடைக்கும்.

வேறு நிபந்தனைகளும் உண்டு. கட்டடம் அப்பகுதியின் வரலாற்றுத் தன்மைக்குப் பங்களிக்கிறது என்று சான்று பெற வேண்டும். பணித் திட்டமும் முடிந்த பணியும் உள்துறைச் செயலரின் பத்து நெறிகளுக்கு உட்பட்டிருப்பதாகத் தேசியப் பூங்காச் சேவை ஒப்ப வேண்டும். கட்டடம் வாடகை வீடாகவோ கடையாகவோ அலுவலகமாகவோ வருமானம் தர வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் அதை விற்றால், பெற்ற வரவில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்த நேரிடும்.

தாமே குடியிருக்கும் வீட்டுக்கு நடுவண் அரசின் வரவு இல்லை. இக்குறையைச் சில மாநிலங்கள் தங்கள் சொந்த வரவுத் திட்டத்தால் ஈடுசெய்கின்றன. 1998-இல் நடைமுறைக்கு வந்த மிசூரி மாநிலத் திட்டம் சொந்த வீடுகளுக்கும் 25 விழுக்காடு அளித்தது. செயின்ட் லூயிஸ் நகரின் பழைய செங்கல் பேட்டைகள் பல புத்துயிர் பெற இது உதவியது.

வீடு நின்றது, குடியிருந்தவர்?

சவன்னாவின் பழைய நகரத்துக்குத் தெற்கே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட மரவீடுகள் நிறைந்த விக்டோரியப் பகுதி உள்ளது. 1970-களில் அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்த ஏழைக் கறுப்பின மக்கள். பழைய நகரத்தில் வீட்டு விலைகள் ஏறிவிட்டதால் முதலீட்டாளரின் பார்வை இப்பக்கம் திரும்பியது. புதுப்பித்த வீட்டுக்கு வாடகை உயரும். உயர்ந்த வாடகையைப் பழைய குடித்தனக்காரரால் கொடுக்க முடியாது.

வரலாற்றுச் சவன்னா அறக்கட்டளையை முன்னர் வழிநடத்திய லீ ஆட்லர் இச்சிக்கலை உணர்ந்தார். வீடுகளைப் புதுப்பித்து, அங்கேயே வாழ்ந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தருவதற்காக 1970-களில் ஒரு தனி அமைப்பைத் தொடங்கினார். நடுவண் அரசின் வாடகை உதவியும் கடனும் இதற்குப் பயன்பட்டன. குடியுரிமை இயக்கத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. லா, கறுப்பின மக்களின் வீடுகளும் நினைவிடங்களும் நகர வரலாற்றின் பகுதியே என்று வலியுறுத்தி அவற்றைக் காக்க உழைத்தார்.

வரி வரவின் அமைப்பிலேயே இச்சிக்கலின் வேர் உள்ளது. வரி செலுத்துவோருக்குத்தான் வரவு பயன்படும். குறைந்த வருமானம் உடையவருக்குக் குறைக்க வேண்டிய வரியே அதிகம் இருக்காது. ஆகவே பலன் முதலில் முதலீட்டாளரைச் சேர்கிறது. குடித்தனக்காரரைச் சேர வேண்டுமானால் அதற்குத் தனி ஏற்பாடு தேவை. 1986-இல் உருவான குறைந்த வருவாயினர் வீட்டுவசதி வரி வரவு அத்தகைய ஒன்று. இரண்டு வரவுகளையும் ஒரே கட்டடத்துக்கு இணைத்துப் பெற முடியும். அப்போது வாடகைக்கு உச்ச வரம்பு உண்டு. கைவிடப்பட்ட ஆலைகளும் பள்ளிக் கட்டடங்களும் இவ்வாறு எளிய மக்களின் குடியிருப்புகளாக மாறியுள்ளன.

விளைவு

1976 முதல் நடுவண் அரசின் வரித் திட்டத்தின் கீழ் 45,000-க்கும் மேற்பட்ட புதுப்பிப்புப் பணிகள் முடிந்துள்ளன. அவற்றில் 10,000 கோடி டாலருக்கு மேல் தனியார் முதலீடு இறங்கியது.

சவன்னாவில் 1954-இல் எழுந்த வாகன நிறுத்தகம் பின்னர் இடிக்கப்பட்டது. வாகனங்கள் நிலத்தடிக்குச் செல்ல, எல்லிஸ் சதுக்கம் 2010-இல் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய சந்தைக் கட்டடத்தை மீட்க முடியவில்லை. குடியிருந்தவர்களை இழந்த தெருவுக்கும் இது பொருந்தும். கட்டடத்தைக் காக்கும் சட்டமும் அதில் வாழ்வோரைக் காக்கும் ஏற்பாடும் ஒரே காலத்தில் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே சவன்னா தரும் பாடம்.