ஊசியும் காவிரிச் சேலும்

சோழநாட்டு வயல்களில் சேல் துள்ளுவதைத் தேவாரம் பாடிற்று. இன்று தஞ்சைக் குளங்களில் வளர்ப்பனவற்றுள் முதன்மையானவை கங்கைக் குடிகளான கட்லா, ரோகு, மிர்கால். இவை ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுவன. தேங்கிய குளத்தில் இடா. ஆகவே முன்பு குஞ்சுகளை ஆற்றிலேயே அரித்தெடுத்தனர்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தனர். வெள்ளத்திற்குக் காத்திருந்த தொழில் பொரிப்பகத்திற்கு வந்தது. மூன்று நாள் நுண்குஞ்சு நாற்றங்கால் குளத்தில் இறங்கி, விரலியாகி, ஊர்க்குளம் சேர்கிறது. நெல் நாற்றைப் பறித்து நடுவது போலத்தான்.

1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியின் வெள்ளமும் அடங்கிற்று. கங்கை மீனுக்கு ஊசியே வெள்ளமாயிற்று. நம் சேலுக்கு அந்தப் பரிவை எந்த அளவு காட்டினோம்?