லிஸ்டூன்வார்னா: கந்தக ஊற்றும் கல்யாணத் தரகரும்



அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில், பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறை நிலத்தை ஒட்டி லிஸ்டூன்வார்னா என்ற சிற்றூர் உள்ளது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. கந்தகமும் இரும்பும் கலந்த ஊற்றுகளே அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. வெந்நீர் ஊற்று என எண்ணிவிடாதீர்கள்; குளிர்ந்த நீர்தான். அழுகிய முட்டை போல் நாறும் அந்நீரை நோய் தீரும் என நம்பிக் குவளை குவளையாகக் குடித்தனர். 1887இல் மேற்குக் கிளேர் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், எனிஸ்டைமன் வரை இரயிலிலும் அங்கிருந்து குதிரை வண்டியிலும் மக்கள் வந்தனர்.

அறுவடை முடிந்த செப்டம்பரில் உழவர்கள் வருவார்கள். நீர் அருந்துவது ஒரு சாக்கு. பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பதே நோக்கம். தரகர் நடுவில் அமர்ந்து நிலம், மாடு, சீதனம் எல்லாம் பேசி முடிப்பார். இதன் பின்னணி துயரமானது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்திற்குப் பின் நிலத்தைத் துண்டாடும் வழக்கம் அருகியது. ஒரு மகனுக்கே நிலம். மற்றவர்களில் பலர் கப்பலேறினர். தந்தை நிலத்தை எழுதிக் கொடுக்கும்வரை மகனுக்குத் திருமணமில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரரும் அவ்வூர்ப் பேச்சில் 'பையன்'தான்!

மணமுடிக்கத் தயங்கும் ஆடவர்மீது பெண்கள் வழக்குத் தொடுப்பதாக, 'நள்ளிரவு நீதிமன்றம்' என்ற ஐரிஷ் நெடும்பாட்டை 1780 அளவில் இயற்றியவர் பிரையன் மெரிமன். இதே மாவட்டத்தில் பணியாற்றிய பள்ளி ஆசிரியர், நம்மவர்! 1940களில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை அயர்லாந்து அரசு தடை செய்தது. ஐரிஷ் மூலத்தையோ தொடவேயில்லை. தாய்மொழியில் படிப்போர் அருகிவிட்டனர் என்ற துணிவுதான் காரணமோ என நான் ஐயுறுகிறேன். மொழி ஆசிரியரான எனக்கு, தடையைக் காட்டிலும் அந்த அலட்சியமே அதிகம் வலிக்கிறது.

செப்டம்பர்தோறும் நடக்கும் கல்யாணத் திருவிழா இன்று பெரும்பாலும் ஆட்டமும் பாட்டமும்தான். விருந்தினரால் வாழ்ந்த அவ்வூரில், 2018இல் புகலிடம் தேடி வந்தோரை ஒரு விடுதியில் தங்கவைக்க அரசு முனைந்தது. ஊர்க் கூட்டத்தில் 197 பேர் எதிர்த்தும் 15 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர். ஆயினும் விடுதி திறக்கப்பட்டது. வந்தவர்களுக்குத் துணைநிற்க ஊரார் சிலரே முன்வந்தனர்.