பாலை வீட்டில் பாஸ்டர் பதனம் செய்தல்

கறந்த பாலைக் கொதிநிலைக்குக் கீழான ஒரு குறித்த வெப்பநிலையில் குறித்த நேரம் வைத்திருந்து, நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அழித்து, உடனே குளிர்விக்கும் முறை பாஸ்டர் பதனம் எனப்படும். பால் பண்ணைகளில் எந்திரங்களால் நடைபெறும் இச்செயலை ஒரு வெப்பமானி, இரண்டு பாத்திரங்கள், சிறிது பனிக்கட்டி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலும் செய்ய இயலும். இப்பதனத்தால் பால் முற்றிலும் கிருமியற்றதாகிவிடுவதில்லை. எனவே பதனம் செய்த பாலும் குளிரில் வைக்கப்பட வேண்டியதே.

பச்சைப் பாலும் நோய்களும்

நலமாகத் தோன்றும் மாட்டின் பாலிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். சில கிருமிகள் மடியிலிருந்தே பாலில் கலக்கின்றன. சில கறக்கும்போது சாணம், கை, பாத்திரம் ஆகியவற்றிலிருந்து சேர்கின்றன. மாட்டுக் காசநோய், புரூசெல்லா காய்ச்சல், கியூ காய்ச்சல் ஆகியனவும், சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர், லிஸ்டீரியா, ஈ.கோலையின் சில வகைகள் ஆகியவற்றால் வரும் நோய்களும் இவ்வழியே பரவுவன. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோர் இவற்றால் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர்.

மால்டா தீவில் நெடுங்காலம் நிலவிய ஒருவகை விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஆட்டுப்பாலே காரணம் என்பதை 1905இல் தெமிஸ்டோக்லிஸ் சாமிட் கண்டறிந்தார். அந்த ஆடுகள் நோயுற்றவையாகத் தோன்றவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு அங்கிருந்த பிரித்தானியப் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது.

2024 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவில் கறவை மாடுகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. நோயுற்ற மாடுகளின் பச்சைப் பாலில் அத்தீநுண்மி மிகுந்திருந்தது. பாஸ்டர் பதனம் அதனைச் செயலிழக்கச் செய்கிறது.

வெப்பநிலையும் நேரமும்

லூயி பாஸ்டர் 1860களில் இம்முறையை வகுத்தது பாலுக்காக அன்று, திராட்சை மது கெடாதிருப்பதற்காகவே. குழந்தைகளுக்குரிய பாலைச் சூடாக்கித் தர வேண்டும் என்று 1886இல் செருமானிய வேதியியலாளர் பிரான்சு வான் சாக்ஸ்லெட் பரிந்துரைத்தார்.

வெப்பநிலை கூடினால் தேவைப்படும் நேரம் குறையும். 63 பாகை செல்சியசில் 30 நிமிடம் என்பது ஒரு முறை; 72 பாகையில் 15 நொடி என்பது மற்றொன்று. தொடக்கத்தில் காசநோய்க் கிருமியையே அளவுகோலாகக் கொண்டிருந்தனர். கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா பர்னெட்டி அதனினும் சற்றுக் கூடுதலாக வெப்பம் தாங்குவது தெரிந்த பின்னர், ஐக்கிய அமெரிக்காவில் 1956இல் முதல்முறையின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை உயர்த்தப்பட்டது. ஒரு பாகையே பொருட்படுத்தப்படும் இச்செயலில் கைவிரலால் சூடு பார்ப்பது பயன்படாது.

செய்முறை

முதலில் வெப்பமானியைச் சரிபார்த்தல் வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் அது 0 பாகை காட்ட வேண்டும். கொதிநீரைக் கொண்டு சரிபார்ப்போர் இடத்தின் உயரத்தையும் கருத வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 92-93 பாகையிலேயே கொதித்துவிடும்.

வடிகட்டிய பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அதனை நீருள்ள பெரிய பாத்திரத்தினுள் வைத்துச் சூடாக்குவது வழக்கம். நேரடித் தீயில் அடிப்பால் பிடித்துக்கொள்ளும். மேற்பால் குளிர்ந்தே இருக்கும். இடைவிடாது கிளற வேண்டும். வெப்பமானியின் முனை பாலின் நடுவில் இருக்க வேண்டும், அடியைத் தொடலாகாது. பால் முழுவதும் 63 பாகையை அடைந்த பின்னரே 30 நிமிடக் கணக்குத் தொடங்குகிறது. இடையில் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் உயர்த்தி, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நுரை எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். அது பாலைவிடக் குளிர்ந்திருப்பதால் அதிலுள்ள கிருமிகள் பிழைக்கக்கூடும். எனவே நுரை எழாதவாறு மெல்லக் கிளறுதலும், இடையிடையே மூடி வைத்தலும் நன்று. விரைவு முறையை வீட்டில் செய்வோர் 72க்குப் பதிலாக 74 பாகை வரை கொண்டுசென்று 15 நொடி வைப்பது பாதுகாப்பானது.

நேரம் முடிந்ததும் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் இறக்கிக் கிளறிக் குளிர்வித்து, கொதிநீரில் தூய்மை செய்த கலத்தில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் 4 பாகை அளவில் வைக்க வேண்டும். பச்சைப் பால் வந்த தூக்குவாளியிலேயே மீண்டும் ஊற்றுவதும், அதே கரண்டியைப் பயன்படுத்துவதும் செய்த பதனத்தை வீணாக்கிவிடும்.

காய்ச்சுதலுடன் ஒப்பீடு

தமிழர் வீடுகளில் பால் காய்ச்சியே பயன்படுத்தப்படுகிறது. நன்கு கிளறிப் பொங்கக் காய்ச்சிய பாலில் மேற்கண்ட நோய்க்கிருமிகள் எஞ்சுவதில்லை. மலைப்பகுதியின் குறைந்த கொதிநிலையும் இதற்குப் போதுமானதே. வெப்பமானி இல்லாத வீட்டிற்கு இதுவே தக்க வழி. ஓரங்களில் குமிழி எழுந்தவுடன் இறக்கிவிடுவதைக் காய்ச்சுதலாகக் கொள்ள இயலாது. காய்ச்சும்போது சுவை மாறி, ஆடை படர்கிறது. பதனம் செய்த பாலில் இம்மாற்றங்கள் குறைவு. உயிர்ச்சத்து சி இரண்டிலும் ஓரளவு குறையும். கால்சியம் பெரிதும் மாறுவதில்லை.

நீங்காதவை

பேசில்லஸ் செரியசு போன்றவற்றின் வித்துகள் பதன வெப்பத்தைத் தாங்கும். மாட்டுக்குக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சமும், கலப்படமும் இதனால் நீங்குவதில்லை. பால் பண்ணைகளில் பாலிலுள்ள பாஸ்படேசு நொதி அழிந்துவிட்டதா எனச் சோதித்துப் பதனத்தை உறுதிசெய்வர். வீட்டில் அச்சோதனைக்கு வாய்ப்பில்லாமையால் வெப்பமானியும் கடிகாரமுமே சான்றுகள். பச்சைப் பால் தானே புளிப்பதுண்டு. பதனம் செய்த பாலில் புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், நாட்பட்டால் அது கசந்து கெடுகிறது. தயிராக்க வேண்டுமாயின் உறைமோர் இட வேண்டும்.