குறியைச் சுமப்பது யார்?: கலப்பு வகைப் பட்டியல்களின் வரலாறு, அல்கால் 68 முதல் சக்தி செயலி வரை

வண்டியூருக்கு அருகே, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உள்ள ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மல்லியும் பிச்சியும் கிலோ கணக்கில் வரும். தாமரை எண்ணிக்கையில் வரும். கட்டிய சரம் முழத்தில் போகும். ஒரே வியாபாரியின் ஒரே சீட்டில் இவை அடுத்தடுத்து நிற்கும். பைத்தான் போன்ற மொழியில் இதற்கு ஒரு பட்டியல் போதும். எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். நிலைவகை மொழிகள் அப்படி விடுவதில்லை. பட்டியலின் உறுப்புகள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று கம்பைலர் வற்புறுத்தும். எல்லாம் எண்தானே என்று மூன்றையும் முழு எண்ணாக வைத்துவிட்டால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் 12 தாமரை என்ற வரியை நிரலின் வேறொரு மூலை 12 கிராம் மல்லி என்று படித்துக் காசு போட்டுவிடும்.

இந்தச் சிக்கலுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்ட தீர்வுகளை இரண்டு கேள்விகளை வைத்து வரிசைப்படுத்தலாம். ஓர் உறுப்பு எந்த வகை என்று சொல்லும் குறியைச் சுமப்பது யார்? பட்டியலில் வரக்கூடிய வகைகளின் தொகுதி முன்கூட்டியே மூடப்பட்டதா, பிறகு யாரும் சேர்க்கும்படி திறந்திருப்பதா? மென்பொருள் உலகின் பெரும்பகுதி நெடுங்காலம் திறந்த தொகுதியின் பக்கம் நின்றுவிட்டு, அண்மையில்தான் மூடிய தொகுதிக்கு இடம் கொடுத்தது. வன்பொருள் வடிவமைப்புக்குள் நுழைந்த ஒரு கிளை மட்டும் மூடிய தொகுதியை விடவே இல்லை. அதற்கு வேறு வழியும் இல்லை. அந்தக் கிளை சென்னை ஐஐடி வரை வந்து சேர்ந்ததைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நிரலாளரின் தலையில் இருந்த குறி

1957இல் வந்த ஃபோர்ட்ரானில் ஈக்விவலன்ஸ் என்றொரு கூற்று இருந்தது. நினைவகத்தின் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள், இரண்டு வகைகள். கோபாலின் ரீடிஃபைன்ஸ் செய்ததும் ஏறத்தாழ அதுவே. இவை இடத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த உத்திகள். அந்த இடத்தில் இப்போது இருப்பது எது என்பது நிரலாளருக்குத்தான் தெரியும், மொழிக்குத் தெரியாது.

மொழியே குறியைச் சுமக்க வேண்டும் என்று முதலில் தெளிவாகச் சொன்னவற்றுள் அல்கால் 68 முக்கியமானது. அதில் முழு எண், மெய்யெண், எழுத்துச்சரம் ஆகியவற்றின் ஒன்றியத்தை ஒரு வகையாக அறிவிக்கலாம். உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமானால் வகையைப் பார்த்துப் பிரியும் கிளை வழியாகத்தான் எடுக்க வேண்டும். முழு எண் கிளைக்குள் அந்த மதிப்பு முழு எண்ணாக மட்டுமே தெரியும். ஒரு வகையாகப் போட்டு வேறு வகையாக எடுக்க இலக்கணமே இடம் தரவில்லை. அல்கால் 68இன் அறிக்கை படிக்கக் கடினமானது என்ற பெயர் அந்த மொழியோடு ஒட்டிக்கொண்டது. அதன் ஒன்றியங்களும் அந்தப் பெயரின் அடியில் மறைந்துபோனது ஒரு நஷ்டம்தான்.

எளிமையை நாடிய நிக்லாஸ் விர்த், 1970இல் வெளியிட்ட பாஸ்கலில் ஒரு படி பின்வாங்கினார். பாஸ்கலின் மாறுபடு பதிவில் குறிக்கென ஒரு புலம் உண்டு. ஆனால் நிரலாளர் அந்தப் புலத்துக்கு நேரடியாக மதிப்பு கொடுக்கலாம். புலமே வேண்டாம் என்று விட்டுவிடவும் செய்யலாம். சுட்டியை முழு எண்ணாகப் படிக்கப் பலர் இந்த ஓட்டையைத் தெரிந்தே பயன்படுத்தினர். சி மொழியின் யூனியனில் குறி என்ற பேச்சே இல்லை. அதனால் சி நிரலாளர்கள் மரபாக ஒரு தீர்வைக் கைக்கொண்டனர்: யூனியனுக்குள் வரும் எல்லாக் கட்டமைப்புக்கும் முதல் புலமாக ஒரு வகை எண்ணை வைப்பது. எக்ஸ் சாளர அமைப்பின் நிகழ்வு வகை இதற்குப் பழகிய எடுத்துக்காட்டு. சுட்டி அசைவு, விசை அழுத்தம், சாளர மாற்றம் எல்லாம் ஒரே வரிசையில் வரும். முதல் எண்ணைப் பார்த்துத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். பார்க்காமல் படித்தால் கம்பைலர் தடுக்காது. 1983இன் ஏடா பாஸ்கலின் இந்த ஓட்டையை அடைத்தது: குறியை மட்டும் தனியே மாற்ற முடியாது, முழுப் பதிவையும் ஒருசேரத்தான் மாற்ற முடியும்.

பொருளே சுமக்கும் குறி

ஆஸ்லோவில் ஓலெ-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 வேறு பாதையில் போனது. அதன் சிம்செட் நூலகத்தில் லிங்க் என்ற வகுப்பின் வழித்தோன்றலாக எழுதப்படும் எந்தப் பொருளும் ஒரே பட்டியலில் நிற்கலாம். வங்கி வரிசையை உருவகிக்கும் நிரலில் வாடிக்கையாளரும் காசாளரும் ஒரே சங்கிலியில் கோக்கப்படலாம். குறியை ஒவ்வொரு பொருளும் தானே சுமந்தது. தொகுதியும் திறந்திருந்தது: நாளை ஒருவர் புதிய துணைவகுப்பு எழுதினால் பட்டியலைத் தொட வேண்டியதில்லை. அதே சிமுலாவில், பொருளின் வகுப்பைப் பார்த்துக் கிளை பிரியும் இன்ஸ்பெக்ட் கூற்றும் இருந்தது. பின்னாளில் பொருள்நோக்கு நிரலாக்கத்தைப் பாடமாக்கியவர்கள் அப்படி வகுப்பைக் கேட்டுப் பிரிவதைக் கெட்ட பழக்கம் என்றார்கள். அந்தக் கண்டிப்பு மிகை என்பது என் கருத்து. அதன் விளைவை ஜாவா அனுபவித்தது.

1996இல் வெளிவந்த ஜாவாவில் வெக்டர் என்ற கொள்கலனின் உறுப்பு வகை ஆப்ஜெக்ட், அதாவது எல்லா வகுப்புகளுக்கும் மூதாதை. எதையும் உள்ளே போடலாம். வெளியே எடுக்கும்போது இன்ன வகுப்பு என்று நிரலாளர் வலிந்து சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் வரும். இதைச் சரிசெய்ய பிராக்கா, ஓடர்ஸ்கி, ஸ்டௌட்டமையர், வாட்லர் ஆகிய நால்வரும் 1998இல் முன்வைத்த ஜிஜே வடிவமே 2004இல் ஜாவா 5இன் பொதுவகைகளுக்கு அடித்தளமானது. ஆனால் பொதுவகைகள் தீர்த்தது ஒரே வகைப் பட்டியலின் சிக்கலை. பூக்கடைச் சீட்டு இருந்த இடத்திலேயே நின்றது: எடைவரி, எண்ணிக்கைவரி, முழவரி மூன்றுக்கும் ஒரு பொது இடைமுகம் எழுதி, அதில் எல்லாச் செயல்களையும் திணிக்க வேண்டும். விலை கணக்கிடுவது ஒரு செயல், சீட்டில் அச்சிடுவது ஒரு செயல், வாரக் கணக்கில் கிலோவை மட்டும் கூட்டுவது இன்னொன்று. ஒவ்வொரு புதிய செயலுக்கும் மூன்று வகுப்புகளையும் திறக்க வேண்டும்.

இந்த இழுபறியை ஜான் ரெனால்ட்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். வகைகள் மூடியிருந்தால் புதிய செயல் சேர்ப்பது எளிது, புதிய வகை சேர்ப்பது கடினம், திறந்திருந்தால் நேர்மாறு. 1998இல் பிலிப் வாட்லர் இதற்கு எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயரிட்டார். ஜாவா தன் தரப்பை மாற்றிக்கொள்ள மேலும் இருபதாண்டுக்கு மேல் ஆனது. 2021இன் ஜாவா 17இல் துணைவகுப்புகளை மூடும் சீல்டு வகுப்புகளும், 2023இன் ஜாவா 21இல் வகையைப் பார்த்துப் பிரியும் ஸ்விட்ச்சும் நிலைபெற்றன. ஏதேனும் ஒரு வகை விடுபட்டால் கம்பைலரே சொல்லிவிடும். சிமுலாவின் இன்ஸ்பெக்ட், காவலோடு திரும்பி வந்ததாகவே இதைப் படிக்கலாம்.

எடின்பரோ வழி

மூடிய தொகுதிக்கு முறையான வடிவம் கொடுத்தது எடின்பரோ பல்கலைக்கழகம். ராபின் மில்னரின் 1978 கட்டுரை வகைகளைத் தானே ஊகிக்கும் முறையை நிறுவியது. 1980இல் பர்ஸ்டால், மக்குவீன், சனெல்லா ஆகியோரின் ஹோப் மொழி, இயற்கணித வகைகளையும் வடிவப் பொருத்தத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது. சீட்டுவரி என்பது கிராம் சுமந்த எடை, அல்லது எண் சுமந்த எண்ணிக்கை, அல்லது நீளம் சுமந்த முழம் என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிடலாம். சீட்டு என்பது சீட்டுவரிகளின் சாதாரணப் பட்டியல்.

இதே வழியில் திறந்த பட்டியலையும் தேடினார்கள். மிட்செலும் பிளாட்கினும் 1980களில் வகுத்த இருப்புவகைகள், உறுப்பின் உண்மையான வகையை மறைத்துவிட்டு, அதன்மேல் செய்யக்கூடிய செயல்களை மட்டும் உடன் அனுப்பின. லோய்ஃபர், ஓடர்ஸ்கி ஆகியோரின் ஆய்வைத் தொடர்ந்து, ஹாஸ்கெல் மொழிக்கான எச்பிசி கம்பைலரில் இவ்வசதியைச் சேர்த்தவர் லெனார்ட் அகஸ்ட்சன். இந்தப் பெயரைக் கவனத்தில் வைக்க வேண்டும். 2004இல் கிசெல்யோவ், லாமல், ஷுப்கே மூவரும் எந்த இடத்தில் எந்த வகை என்பதைப் பட்டியலின் வகையிலேயே எழுதிவைக்கும் எச்லிஸ்ட்டைத் தந்தனர். அங்கே குறியைச் சுமப்பது கம்பைலர் மட்டுமே. நிரல் ஓடும்போது குறி தேவையே இல்லை. அழகான தீர்வு. ஆனால் சந்தைக்கு இன்று என்ன வரும் என்று கம்பைலருக்கு முன்கூட்டித் தெரியாத கடையில் அது உதவாது.

கம்பியில் ஏறிய குறி

எம்ஐடியில் அரவிந்தும் ரிஷியூர் நிகிலும் 1980களில் இட் என்ற இணைநிரல் மொழியை வளர்த்தனர். இருவரும் கான்பூர் ஐஐடியில் படித்தவர்கள். இட் தரவோட்டக் கணினிகளுக்காக எழுதப்பட்ட மொழி. ஆனால் அதன் வகை அமைப்பு மில்னர் வழி. அதன் வாரிசான பிஎச், ஹாஸ்கெல்லின் உடையை அணிந்துகொண்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அரவிந்த் தொடங்கிய சேண்ட்பர்ஸ்ட் நிறுவனத்தில் லெனார்ட் அகஸ்ட்சன் வன்பொருளை விவரிக்க ஒரு மொழியை உருவாக்கினார். அதுவே ப்ளூஸ்பெக். 2003இல் அதற்கெனத் தனி நிறுவனம் அமைந்தது. பொறியாளர்களுக்குப் பழகிய சிஸ்டம்வெரிலாக் நடைக்கு அதன் எழுத்து மாறினாலும், வகைகள் எடின்பரோவிலிருந்து வந்தவையாகவே இருந்தன.

வன்பொருளில் இதன் பொருள் மாறுகிறது. பூக்கடைச் சீட்டுவரியையே ப்ளூஸ்பெக்கின் டேக்டு யூனியனாக எழுதிப் பார்க்கலாம். எடைக்கு 20 பிட், எண்ணிக்கைக்கு 10 பிட், முழத்துக்கு 8 பிட் என்று கொள்வோம். மூன்று வகையைப் பிரித்தறியக் குறிக்கு 2 பிட் வேண்டும். உறுப்புகளில் மிக அகலமானது 20. ஆகவே சீட்டுவரியின் அகலம் 22 பிட். சீட்டுவரிகளைத் தாங்கும் வரிசைத் தாங்கியின் ஒவ்வோர் இடமும் 22 கம்பி அகலத்தில் சிலிக்கானில் பதியும். எண்ணிக்கை வரி வந்தால் 10 பிட் வீண். வகைகளின் தொகுதி திறந்திருந்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அகலம் தெரியாத கம்பியை யாரும் வரைய முடியாது. ஜாவாவில் பொருள் எவ்வளவு பெரிதானாலும் பட்டியலில் நிற்பது ஒரு சுட்டிதான். சுட்டி என்ற அந்தத் தப்பிக்கும் வழி இங்கே இல்லை.

குறியைப் பார்ப்பதற்கும் விலை உண்டு. வடிவப் பொருத்தம் என்பது இங்கே 2 பிட்டைப் பார்த்துத் தேர்வு செய்யும் ஒரு சுற்று. ப்ளூஸ்பெக் நிரல் விதிகளால் ஆனது. விதியின் நிபந்தனையிலேயே பொருத்தத்தை எழுதலாம். தாங்கியின் முனையில் எடைவரி நிற்கும் கடிகாரத் துடிப்பில் மட்டும் எடைவிதி இயங்கும். முழவரி வந்தால் அது அசையாமல் நிற்கும். திறந்த தொகுதிக்கும் ஓர் இடம் உண்டு: ஒரே இடைமுகம் கொண்ட வெவ்வேறு மாட்யூல்களை ஒரு வெக்டரில் அடுக்கலாம். ஆனால் அந்த அடுக்கு சுற்று உருவாகும் கட்டத்திலேயே முடிவாகிவிடும். சிப் ஓடத் தொடங்கிய பின் புதிதாக எதுவும் உள்ளே வராது.

சென்னை ஐஐடியின் ரைஸ் குழு, வி. காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டம் இந்த மொழியைத்தான் தேர்ந்துகொண்டது. ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியின்படி அமைந்த இச்செயலியின் மூல நிரல் பிஎஸ்டி உரிமத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் முதல் சிப் வந்தது. சண்டிகருக்கு அருகே மொகாலியில் உள்ள அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரிலும் சக்தி சிப் தயாரிக்கப்பட்டது. ப்ளூஸ்பெக் கம்பைலர் திறந்த மூலமாக மாறியது 2020இல்தான். அதுவரை, திறந்த செயலியை மூடிய கருவியால் எழுதும் முரண் இருந்துவந்தது.

செயலி படிக்கும் ஆணைகளின் வரிசையே ஒரு கலப்பு வகைப் பட்டியல் என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் 32 பிட் ஆணைகளில் கூட்டல் ஒரு வடிவம், நினைவகத்தில் எழுதுவது இன்னொரு வடிவம், கிளை தாவல் வேறொன்று. ஒவ்வொன்றின் புலங்களும் வேறு. கீழ்முனையில் உள்ள 7 பிட் ஆப்கோட்தான் குறி. ரிஸ்க்-ஃபைவை உருவாக்கிய பெர்க்லி வடிவமைப்பாளர்கள் இதில் ஒரு நுட்பம் செய்தார்கள். மூலப் பதிவகங்களின் எண்கள், அவை இடம்பெறும் எல்லா வடிவங்களிலும் அதே பிட்களில் நிற்கும்: முதலாவது 15 முதல் 19 வரை, இரண்டாவது 20 முதல் 24 வரை. ஆகவே குறியைப் பிரித்துப் படிக்கும் முன்னரே பதிவகங்களைப் படிக்கத் தொடங்கிவிடலாம். அந்த ஆணைக்கு அவை தேவையில்லை என்று பிறகு தெரிந்தால் விட்டுவிடலாம். எல்லா உறுப்புக்கும் பொதுவானதைக் குறி பார்க்காமல் செய்வது, தனியானதைக் குறி பார்த்துச் செய்வது. பொருள்நோக்கு மொழிகளின் இடைமுகத்தையும் எடின்பரோவின் வடிவப் பொருத்தத்தையும் ஒரே 32 பிட்டுக்குள் வைத்த வேலை இது.

ஆப்கோட்டின் 7 பிட் மூடிய தொகுதிதான். ஆயினும் அதில் சில மதிப்புகள் கஸ்டம் என்று ஒதுக்கப்பட்டுள்ளன. சக்தியை எடுத்துத் தம் தேவைக்கு ஆணை சேர்க்க விரும்புவோர் அவற்றைப் பயன்படுத்தலாம். நம் சீட்டுவரியிலும் 2 பிட்டின் நான்கு மதிப்புகளில் மூன்றுதான் செலவாகியுள்ளது. நான்காவதாக ஒரு விற்பனை அளவை, 20 பிட்டுக்குள் அடங்கும்வரை, கம்பியை அகலப்படுத்தாமலே சேர்க்கலாம். அதன்பின் ஐந்தாவதற்கு முழுச் சுற்றையும் மீண்டும் வரைய வேண்டும். செயலிக்குத் தெரியாத ஆணை வந்தால் செயல்பாடு நின்று, முறையற்ற ஆணை என்ற டிராப் எழும். ஜாவாவில் யாரும் பிடிக்காத எக்செப்ஷனைப் போல இது நிரலை வீழ்த்தியே ஆகவேண்டும் என்பதில்லை. பெருக்கல் சுற்று இல்லாத சிறிய ரிஸ்க்-ஃபைவ் செயலியில் பெருக்கல் ஆணை வந்தால், டிராப்பைப் பிடிக்கும் மென்பொருள் கூட்டியும் நகர்த்தியும் விடையைக் கணக்கிட்டு, அது சேர வேண்டிய பதிவகத்தில் எழுதிவிட்டு அடுத்த ஆணைக்குத் திரும்பும். மேலே ஓடிக்கொண்டிருந்த நிரலுக்கு நேரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவானதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் தெரியாது.