மல்லேஸ்வரத்தின் பழைய வீடுகள்: பிளேக் நோய்க்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் நடந்தால், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓட்டுக்கூரை வீடு ஒன்று சட்டென்று உங்கள் கண்ணில் படும். அழகுக்காக மட்டும் கட்டியது இல்லைங்க அது. அதன் பின்னால் ஒரு கொள்ளைநோயின் கதை இருக்கிறது.

எப்படி உருவானது?

1898-ல் பெங்களூருவை பிளேக் தாக்கியது. 'பேட்டை' எனப்படும் பழைய நகரில் வீடுகள் நெருக்கம், சந்துகள் குறுகல். அந்த நெரிசலில் இருந்து வெளியேறியவர்களுக்கு வடக்கே மல்லேஸ்வரமும் தெற்கே பசவனகுடியும் புது இருப்பிடமாயின. காடு மல்லேஸ்வரர் கோயிலால் வந்த பெயர்தான் மல்லேஸ்வரம். நேரான தெருக்கள், வீட்டைச் சுற்றி இடைவெளி, பின்புறம் துப்புரவுக்கென்று தனிச் சந்து என எல்லாமே காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்ற திட்டம்தான்.

வீட்டை எப்படி அடையாளம் காண்பது?

முன்னால் சிறு தோட்டம், அடுத்து வராந்தா. முகப்பிலும் ஜன்னல் மேலும் கூம்பு வடிவ மரத்தடுப்பு இருக்கிறதா? அதற்குப் பெயர் 'மங்கி டாப்'. வெயிலையும் சாரலையும் தடுக்கும். கூரையில் மங்களூர் ஓடு. அல்லது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட 'மெட்ராஸ் டெரஸ்'. உள்ளே கால் வைத்தால் குளுகுளுன்னு இருக்கும் ரெட் ஆக்சைடு தரை. வளைந்த பால்கனியும் கான்கிரீட் சன்ஷேடும் தெரிந்தால், அது பெரும்பாலும் 1930-களுக்குப் பிந்தையது.

ஏன் மறைகின்றன?

நிலத்தின் விலை ஏறிவிட்டது. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க, வீட்டைவிட அடுக்குமாடி சுலபம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது.

சட்டம் காப்பாற்றாதா?

1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டு பழமையான, தேசிய முக்கியத்துவம் உடையதாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே பொருந்தும். சாதாரணக் குடும்பங்கள் வாழும் வீடுகள் அந்தப் பட்டியலில் வருவது கடினம். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் வாழ்ந்த 'பஞ்சவடி' இங்கேதான் இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் நோபல் பரிசு பெற்றவர் கிடைக்க மாட்டாரே!

அதனால் பராமரிப்புச் செலவு முழுக்க உரிமையாளர் தலையில்தான் விழுகிறது. விற்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: வீட்டோடு சேர்ந்து தோட்டமும் இடைவெளியும் போய்விடுகின்றன. நெரிசலுக்குப் பயந்து உருவான ஊர், மறுபடியும் நெரிசலுக்கே திரும்புகிறது.