எண்ணெய் பம்பும் டூ-ஸ்ட்ரோக் காலமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வல்லம் வடகாலில் உள்ள யமஹா தொழிற்சாலை இன்று ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்துவந்தாலும், அந்நிறுவனத்தின் பெயரைத் தமிழக மெக்கானிக் கடைகளில் நிலைநிறுத்தியது அதற்கு முந்தைய டூ-ஸ்ட்ரோக் தலைமுறையே ஆகும். பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் வேலையை முடித்துவிடும் இவ்வகை இன்ஜினில், பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே செல்வதால், அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. எண்ணெய் அவற்றோடு சேர்ந்தே உள்ளே சென்று, உராய்வைத் தணித்தபின் எரிந்து புகையாக வெளியேற வேண்டும்.

1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட்டில் இந்த எண்ணெயைப் பெட்ரோலில் கலந்தே ஊற்றினர். தறி வீட்டிலும், பட்டுநூல் சங்கத்திலோ முதலாளியிடமோ இருக்க, இரண்டுக்கும் இடையே பாவையும் நூலையும் கொண்டுசெல்ல வேண்டியிருந்த காஞ்சிபுரம் போன்ற ஊர்களுக்கு அத்தகைய சிறுவண்டி பெரிதும் பொருந்தியது. எண்ணெயும் பெட்ரோலும் 1:50 கலவை என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். அளவு கூடினால் பிளக் கரியேறும், குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டு இன்ஜின் ஜாமாகும்.

இந்த அளவைப் பொறியிடமே ஒப்படைத்த 'ஆட்டோலூப்' முறையை யமஹா 1964இல் ஒய்ஏ-6 மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தது. 1984இல் இந்த்-சுசுகி மோட்டார் சைக்கிளும் 1985இல் யமஹாவின் ஆர்எக்ஸ் 100-உம் வந்தபோது தனி எண்ணெய் டேங்கும் பம்பும் நம் பட்டறைகளுக்கு அறிமுகமாயின. கிராங்கிலிருந்து பல்சக்கரத்தால் சுழலும் இப்பம்பின் தண்டு எவ்வளவு எண்ணெயைத் தள்ளவேண்டும் என்பதை ஆக்சிலரேட்டரோடு இணைந்த கேபிள் தீர்மானிப்பதால், வண்டியின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப எண்ணெய் அளந்து செல்கிறது.

பழுதான பம்பு சத்தம் எழுப்பாது என்பதே இதிலுள்ள பேராபத்து. எண்ணெய் டேங்கின் மட்டம் பல நாள் ஓடியும் இறங்காமல் இருப்பதும், புகை அறவே நின்றுபோவதும் முதல் அடையாளங்கள். பட்டறையில் முதலில் எண்ணெய்க் குழாயில் காற்றுக்குமிழி தெரிகிறதா என்று பார்த்து, பம்பின் உடலிலுள்ள சிறு திருகைக் கழற்றி, குமிழியின்றி எண்ணெய் மட்டும் வழியும்வரை 'ஏர் எடுப்பார்கள்'. பிறகு கேபிள் இழுக்கும் பம்பின் கப்பியிலுள்ள கோடு குறிப்பிட்ட நிலையில் ஊசிக்கு நேராக நிற்குமாறு கேபிளைச் சரிசெய்வார்கள். இவ்விரண்டும் சரியாக இருந்தும் எண்ணெய் வராதபோதுதான் பம்பின் பல்சக்கரத்தையும், எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் வால்வையும் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வரிசையைப் பொறுமையோடு பின்பற்றாமல் பம்பையே கழற்றிவிட்டு மறுபடி கலவைக்குத் திரும்பியவர்கள் பலர். ஆக்சிலரேட்டர் கைப்பிடியை மூடி இறக்கத்தில் வேகமாக இறங்கும் வண்டிக்குக் கலவைமுறையில் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்துபோக, பம்போ இன்ஜின் சுழலும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கும் என்பதை எண்ணினால், அது வருந்தத்தக்க இழப்பாகும். 2000க்குப் பின் இறுகிய புகைக் கட்டுப்பாடுகளால் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் சந்தையிலிருந்து நீங்கின. இன்றும் பழைய ஆர்எக்ஸ் 100-ஐப் புதுப்பிப்போர், பம்பு சீராக ஊட்டுவது உறுதியாகும்வரை பெட்ரோல் டேங்கில் கலவையையே ஊற்றிவைத்துச் சோதிப்பது வழக்கம்.